பழைய டீசல் லாரியில் எண்ணெய்த் தடை

விளைபொருள் ஏற்றிச்செல்லும் பழைய டீசல் லாரி வழியில் நின்றுவிடின், உடையவர் பலர் உடனே இஞ்செக்ஷன் பம்பைக் கழற்றும்படி சொல்லுகின்றனர். இது பெரும்பாலும் வீண்செலவேயாம். அதன் உறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்திற் சில பங்கே. வெளியிடத்திற் பிரித்தால் தூசி புகுந்து நல்ல பம்பும் கெடும்.

முதலில் டாங்கின் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இஞ்சின் செவ்வையாய் ஓடுமாயின், மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டதென்று அறிக. அன்றேல், வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தி, ஊட்டு பம்பைக் கையால் அடிக்கவும். எண்ணெய் வராவிடின் குழாயிலேனும் வடிகட்டியிலேனும் அடைப்பு இருக்கலாம். ஊட்டு பம்பே பழுதாயிருத்தலும் கூடும். நுரை ஓயாது வருமாயின், டாங்குக்கும் அப்பம்புக்கும் இடையே காற்று உட்புகுகின்றது. இவ்விடத்திலேதான் தேர்ந்த மெக்கானிக்குகளும் ஏமாறுவதுண்டு. அப்பகுதியில் எண்ணெய் உறிஞ்சப்படுவதால், வண்டி ஓடுங்கால் விரிசலின் வழியே ஒரு துளியும் வெளியே கசிவதில்லை. ஆகவே, டாங்கின் குழாயை விலக்கிவிட்டு, சுத்தமான டீசல் நிறைந்த டப்பாவிலிருந்து வேறு குழாய் வழியே ஊட்டிப் பார்த்தல் நலம். இஞ்சின் சீராயின் இஞ்செக்ஷன் பம்பின்மேல் குற்றமில்லை.

கரும்புகை மிகுமாயின், காற்று வடிகட்டியைச் சுத்தி செய்தபின் நாஸில்களைப் பட்டறையிற் சோதிப்பிக்கவும். நாஸிலினின்று பீறும் எண்ணெயின் எதிரே கையை நீட்டலாகாது. அது தோலைத் துளைத்து உட்செல்லும். புண் ஊசிமுனையளவேயாயினும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.