வழி தவறிய மீன்முள்

காயற்கரையின் உணவு

வேம்பநாட்டுக் காயலின் அடியைத் தோண்டி வாரிய மண்ணைக் கொண்டு, ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரின் மேற்பார்வையில், கொச்சித் துறைமுகத்துக்காக எழுப்பப்பட்ட வில்லிங்டன் தீவில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அமைந்திருப்பது மிகவும் பொருத்தமே. ஏனெனில் அங்கும், எதிர்க்கரையான மட்டாஞ்சேரியிலும், மத்தியோ கரிமீனோ இல்லாத பகலுணவு அநேக வீடுகளில் பூரணமாவதில்லை. மீன் உத்தமமான ஆகாரம். அதன் முள்ளைப் பற்றி நாம் காட்டும் அலட்சியந்தான் அபாயகரமானது.

முள் செல்லும் வழி

விழுங்கப்பட்ட அந்நியப் பொருள்களில் நூற்றுக்கு 80-க்குக் குறையாதவை எவ்வித உபத்திரவமுமின்றி மலத்தோடு வெளியேறிவிடுகின்றன. ஆயினும் கூரிய முள்ளொன்று தொண்டையில் தைத்து நின்றால், கழுத்துச் சதையினூடே நகர்ந்து தைராய்டு சுரப்பியை எட்டக்கூடும். உணவுக்குழலைத் துளைத்தால், அருகே ஓடும் மகாதமனியைக் கிழித்துப் பிராணனுக்கே ஆபத்தாகக்கூடும். இரைப்பையையோ முன்சிறுகுடலையோ ஊடுருவினால், அடுத்துள்ள கல்லீரலின் இடப்பாகத்தில் புகுந்து சீழ்க்கட்டியை உண்டாக்கக்கூடும். இந்தக் கடைசி விபரீதம் 1898-ஆம் ஆண்டிலேயே வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

இவ்வியாதி வைத்தியரையும் ஏமாற்றவல்லது. தைத்த வலி ஓரிரு நாளில் தணிந்துவிட, உண்டவர் அதை மறந்தே போகிறார். பல வாரங்களோ மாதங்களோ கழித்துக் குளிர்காய்ச்சலும் மேல்வயிற்று வலியும் காணும்போது, என்றோ உண்ட மீனை நினைத்துச் சொல்ல அவருக்குத் தோன்றுவதில்லை. மருந்தினால் ஜுரம் இறங்கினாலும், முள் உள்ளிருக்கும்வரை சீழ் மறுபடி கட்டிக்கொள்ள இடமுண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் மீன்முள் பெரும்பாலும் புலப்படாது, ஸி.டி. ஸ்கான் எடுத்தால் மெல்லிய வெண்கோடாகத் தெரியவரும்.

சோற்றுருண்டை வைத்தியம்

முள் சிக்கியவுடன் சோற்றுருண்டையையோ வாழைப்பழத்தையோ மெல்லாமல் விழுங்கச் செய்யும் வழக்கத்தை, அது அன்பினால் செய்யப்படுவதேயாயினும், விட்டொழிக்க வேண்டுமென்று வற்புறுத்திச் சொல்வேன். மேலாகத் தைத்திருக்கும் முள்ளை அது ஆழமாக அழுத்திவிடலாம். காது, மூக்கு, தொண்டை வைத்தியர் சிறு இடுக்கியாலோ எண்டாஸ்கோப்பி மூலமோ அதை எளிதில் எடுத்துவிடுவார். பொய்ப்பல் கட்டியவர்களுக்கு மேலண்ணம் மூடப்பட்டிருப்பதால் முள்ளின் ஸ்பரிசம் தெரிவதில்லை. அவர்களுக்கு மீனை உதிர்த்து, முள் நீக்கியே பரிமாற வேண்டும்.

விழுங்கிய பொருள்கள் பெரும்பாலும் தாமே வெளியேறிவிடும் என்றேனாயினும், குழந்தைகள் விழுங்கும் பொத்தான் பாட்டரியின் விஷயம் வேறு. உணவுக்குழலில் தங்கிய பாட்டரி இரண்டே மணி நேரத்தில் அதன் சுவரைக் கடுமையாக அரித்துவிடுமாதலால், வாந்தியெடுக்கச் செய்வது முதலான கைவைத்தியம் எதிலும் இறங்காமல், எந்த நேரமாயினும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.