மோட்டார் கேட்: திருடனுக்கு மூடட்டும், நமக்குத் திறக்கட்டும்



சில வருடங்களுக்கு முன்பு நம் தெருக்களில் ஒன்றிரண்டு வீடுகளில்தான் மோட்டார் கேட் இருந்தது. இன்று புதிதாகக் கட்டும் வீடுகளில் அது சாதாரணமாகிவிட்டது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள், "வாப்பாவும் உம்மாவும் தனியாக இருக்கிறார்கள், ராத்திரியில் இறங்கி வந்து கேட்டைத் தள்ள வேண்டாம்" என்று ஆசையாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். கார் நிறுத்தும் இடத்துக்கு மோட்டார் ஷட்டர் போடுபவர்களும் உண்டு. நல்ல வசதிதான். ஆனால் சமீபத்தில் நடந்த ஒரு சம்பவம் எங்களை யோசிக்க வைத்தது.

பஜ்ருக்குச் சற்று முன்பு ஒரு வீட்டில் வயதான உம்மாவுக்கு மூச்சுத் திணறல். 108 ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றுவிட்டது. கரண்ட் இல்லை. ரிமோட்டை அழுத்தினால் கேட் அசையவில்லை. மோட்டாரை விடுவித்துக் கேட்டைக் கையால் தள்ளுவதற்கு ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி மகனின் சாவிக் கொத்தில் துபாயில் இருந்தது! பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுவர் ஏறிக் குதித்து, பூட்டிக் கிடந்த சின்னக் கேட்டின் பூட்டை உடைத்து, உம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், அவர் நலமாக வீடு திரும்பினார். ஆனால் அந்த இருபது நிமிடம் அந்தக் குடும்பம் பட்ட பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது.

தமிழில் திருடன் வராமல் காப்பதும் பாதுகாப்பு, பிள்ளைக்கு அடிபடாமல் காப்பதும் பாதுகாப்பு. ஒரே சொல். அதனாலோ என்னவோ, கேட்டைப் பலமாகப் போட்டுவிட்டால் இரண்டும் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். சில நேரம் ஒன்று கூடும்போது மற்றொன்று குறைகிறது. இரண்டையும் சேர்த்துக் கவனிப்பது எப்படி என்று பார்ப்போம்.

நசுங்கும் ஆபத்து

இரும்பு ஸ்லைடிங் கேட் ஒன்று சில நூறு கிலோ எடை இருக்கும். மோட்டார் எதிரில் நிற்பது தூணா குழந்தையா என்று பார்க்காது. 2010-இல் பிரிட்டனில் சில நாட்கள் இடைவெளியில் இரண்டு சிறுமிகள் மின்சார கேட்டில் சிக்கி இறந்தார்கள். அமெரிக்காவில் வீட்டுக் கார் ஷெட் கதவுகளில் பல குழந்தைகள் பலியான பிறகு சட்டம் கொண்டுவந்தார்கள். 1993 முதல் அங்கே தயாராகும் ஒவ்வொரு கதவு மோட்டாரிலும், மூடும்போது ஏதாவது குறுக்கே வந்தால் திரும்பித் திறக்கும் ஏற்பாடு கட்டாயம்.

அந்த ஏற்பாடுதான் சென்சார். இரண்டு பக்கத் தூண்களிலும் சிறிய பெட்டி போல இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் போகும். கேட் மூடும்போது அந்தக் கதிர் மறைந்தால் கேட் நின்றுவிடும் அல்லது திரும்பத் திறக்கும். தவழும் குழந்தையையும் காண வேண்டும் என்பதால் அமெரிக்காவில் ஷெட் கதவுகளுக்கு அதைத் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்கிறார்கள். நம் ஊரில் இடுப்பு உயரத்தில் பொருத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீடுகளில் தாழ்வாக இன்னொரு ஜோடி வைக்கச் சொல்லுங்கள்.

"சென்சார் தொல்லை, ஆடு போனாலும் கேட் திறந்துகொள்கிறது, ராத்திரியில் திறந்தே கிடக்கிறது" என்று சொல்லி ஒயரை இணைத்து அதைச் செயலிழக்கச் செய்யும் வீடுகளும் உண்டு. திருட்டுப் பயத்தில் பிள்ளையின் உயிருக்கான காவலை எடுத்துவிடுகிறோம். சென்சார் கண்ணாடியில் தூசியோ சிலந்தி வலையோ இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். முதலில் ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். கேட் கனமாக ஓடுகிறது என்று மோட்டாரின் விசையைக் கூட்டுவதும் தவறு. தண்டவாளத்தில் மண் அடைத்திருக்கும், அல்லது சக்கரம் தேய்ந்திருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டும்.

கேட் ஓடி முடியும் இடத்தில் இரும்புத் தடுப்பு உறுதியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அது உடைந்தால் கேட் தண்டவாளத்தைத் தாண்டிச் சாய்ந்து விழும்.

திறக்க முடியாத ஆபத்து

2017 அக்டோபரில் கலிபோர்னியாவில் பெரும் காட்டுத்தீ வந்தபோது கரண்ட் போய்விட்டது. மோட்டார் கதவைக் கையால் தூக்க முடியாமல் முதியவர்கள் சிலர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அதன்பிறகு 2019 ஜூலை முதல், அந்த மாநிலத்தில் புதிதாக விற்கும் வீட்டுக் கதவு மோட்டார்களில் பேட்டரி இருக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள்.

நம் வீடுகளுக்கும் அதே பாடம்தான். மோட்டாருக்குப் பேட்டரி வைக்க முடியுமா, இன்வெர்ட்டரோடு இணைக்க முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். முடிந்தாலும் முடியாவிட்டாலும், மோட்டாரை விடுவிக்கும் சாவி வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் தொங்க வேண்டும். வெளியிலிருந்து கைக்கு எட்டும் இடம் வேண்டாம். உம்மா, ராத்தா, பெரிய பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறையாவது தங்கள் கையால் விடுவித்துத் தள்ளிப் பழக வேண்டும். மனிதர் நடந்து போகும் சின்னக் கேட்டின் சாவியும் அதே ஆணியில் இருக்கட்டும். கார் ஷெட் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இன்ஜினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரைக் குடித்துவிடும்.

திருட்டுப் பயம்

பழைய, மலிவான ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே சங்கேதத்தை அனுப்பும். 2015-இல் அமெரிக்க ஆய்வாளர் சாமி கம்கார், அப்படிப்பட்ட கதவுகளை ஒரு விளையாட்டுப் பொருளை மாற்றியமைத்துப் பத்து வினாடிக்குள் திறக்க முடியும் என்று காட்டினார். ஒவ்வொரு முறையும் சங்கேதம் மாறும் 'ரோலிங் கோட்' ரிமோட்டில் அந்த வழி பலிக்காது. வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

ரிமோட் தொலைந்தாலோ, டிரைவரோ வேலையாளோ மாறினாலோ, மோட்டாரின் நினைவிலிருந்து பழைய ரிமோட்டுகளை அழித்து, கையில் இருப்பதை மட்டும் மீண்டும் பதியச் சொல்லுங்கள். வெளியே நிறுத்தும் வண்டியில் ரிமோட்டை வைக்காதீர்கள். சுவர் பட்டனை 5 அடிக்கு மேல் வையுங்கள். ரிமோட் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் அல்ல. கேட் கண்ணில் படாத மாடியிலிருந்து யாரும் பட்டனை அழுத்தக்கூடாது.

மாதம் ஒருமுறை

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கேட் மூடும்போது சென்சாருக்கு நடுவே ஒரு வெற்று அட்டைப்பெட்டியை நீட்டுங்கள். கேட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், சரிசெய்யும் வரை மோட்டாரை அணைத்துவிட்டுக் கையால் தள்ளுங்கள். பிறகு மெயினை அணைத்து, சாவியால் விடுவித்து, வீட்டில் வயது மூத்தவரால் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். அவரால் முடியாவிட்டால் சின்னக் கேட்தான் அவருடைய வழி. அதை ஒருபோதும் பூந்தொட்டியாலோ பைக்காலோ அடைக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டுக்குப் போன் பேசும்போது, "கேட் சாவி எங்கே இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அது உங்கள் கையில் இருந்தால், ஊருக்கு வரும் அடுத்த ஆளிடம் கொடுத்தனுப்புங்கள்.