சீன எழுத்தும் கணினித் திரையும்

சீன மொழியில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கமில்லை. ‘மின்’, ‘மூளை’ எனும் ஈரெழுத்துகள் இணைந்தே ‘கணினி’ எனப் பொருள்தரும்; எனினும் அவற்றின் நடுவே வரி முறியலாம். சொல்லைப் பிரித்தறியும் பொறுப்பு வாசகரையே சாரும். ஆதலால், திரையில் எழுத்து தெளிவாகத் தோன்றுவது இன்றியமையாததாகிறது.

ஒற்றைக் கோடுடைய ‘ஒன்று’ எனும் எழுத்தும், மரபு வடிவில் 29 கோடுகளுடைய ‘மனச்சோர்வு’ எனும் எழுத்தும் ஒரே அளவுச் சதுரத்துள் அடங்க வேண்டும். எழுத்தின் அளவு சிறுத்தால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அச்சுக்குரிய ‘சுங்’ பாணியின் மெல்லிய கிடைக்கோடுகள் நுண்மை குறைந்த திரையில் மங்கின. ஆகவே சீரான தடிப்புடைய ‘ஹெய்’ பாணி திரைகளில் பரவலாயிற்று.

தொன்றுதொட்டு மேலிருந்து கீழாக எழுதப்பட்ட இவ்வெழுத்தை, ‘மக்கள் நாளிதழ்’ 1956இல் கிடைவரிகளாக அச்சிடத் தொடங்கிற்று. இரு திசைக்கும் இசையும் சதுர எழுத்தாதலின், வரிகள் நெருங்கினால் கண் திசை தடுமாறும். வரியிடைவெளியே வாசிக்கும் திசையை உணர்த்துகிறது.