சந்தா கட்டியவருக்குக் கூடுதலாக என்ன? அடேயப்பா, தெரியுமா!

ஹப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையை 1890இல் கட்டிய தோமஸ் லிப்டன், அதற்கு ஒன்பது வருடம் முன்பு ராட்சதப் பாலாடைக்கட்டி ஒன்றுக்குள் தங்கக் காசுகளைப் புதைத்து விற்றவர், தெரியுமா? 1881, கிறிஸ்மஸ் நேரம். கட்டி வந்தது அமெரிக்காவிலிருந்து, கப்பலில். விற்பனை கிளாஸ்கோ நகரத்தில், அவருடைய சொந்தக் கடையில். எந்தத் துண்டுக்குள் தங்கம் இருக்கிறது என்று வெட்டிக் கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கூட்டம் நெரிந்தது, பொலிஸார் நிற்க வேண்டியதாயிற்று, சில மணி நேரத்தில் மொத்தக் கட்டியும் காலி! காசு கொடுப்பவருக்குப் பொருளோடு இன்னும் ஏதோ ஒன்று வேண்டும் என்ற சூட்சுமத்தைக் கரைத்துக் குடித்த அந்த மனிதர்தான் பிறகு நம் ஊவா மலைக்கு வந்து தோட்டம் தோட்டமாக வாங்கினார்.

இந்தச் சூட்சுமம் இப்போது நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படுகிறது. மொனராகலையிலோ பசறையிலோ லுணுகலையிலோ இருந்துகொண்டு, கையில் ஒரு ஃபோனை மட்டும் வைத்துக்கொண்டு, வாரம் ஒரு மின்மடல் எழுதி மாதச் சந்தாவுக்கு அனுப்பலாம். எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது, வாசிக்க ஆளும் இருக்கிறது. ஆனால் சந்தா என்று வாய் திறந்ததுமே ஒரு கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது: காசு கட்டியவருக்குக் கூடுதலாக என்ன கொடுப்பது? நூறு வருடத்துக்கும் மேலாகத் தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த வழிகளைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள்!

பாரதியார் கூடுதலாக எதையுமே கொடுக்காமல் நான்கு விலை வைத்தார், தெரியுமா? 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகைக்கு வருடச் சந்தா ஆளுக்கு ஒரு விதம். அரசாங்கத்துக்கு 50 ரூபா. ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30 ரூபா. மாதம் 200 ரூபாவுக்கு மேல் வருமானம் உள்ளவருக்கு 15 ரூபா. மற்ற எல்லோருக்கும் வெறும் 3 ரூபா! பத்திரிகை ஒன்றுதான், கேலிச்சித்திரம் ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான். கூடக் கட்டியவருக்கு ஒரு வரிகூடக் கூடுதலாக இல்லை. இன்று பெரிய பெரிய இணைய நிறுவனங்கள் ‘ஆதரவாளர் கட்டணம்’ என்று வேறொரு பெயரில் செய்வதை 1906இலேயே ஒரு கவிஞர் செய்துவிட்டார். சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவரும் கொழும்பில் வங்கி மேலாளராக இருப்பவரும் ஒரே மடலை வாசிக்கப்போகும் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எஸ்.எஸ்.வாசன் 1928இல் ‘ஆனந்த விகடன்’ என்ற பெயரை எழுத்துக்கு 25 ரூபா வீதம், எட்டு எழுத்துக்கு 200 ரூபா கொடுத்து வாங்கினார் என்பார்கள். வாங்கிய பிறகு குறுக்கெழுத்துப் போட்டி வைத்து வாசகரைப் பென்சிலும் கையுமாக உட்காரவைத்தார். ‘கல்கி’ பத்திரிகை பிறந்த விதம் இன்னும் விசித்திரம். 1941இல் எம்.எஸ்.சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக, ஆண் வேடத்தில், நடித்துக் கிடைத்த பணம் அதற்கு முதலாயிற்று! அந்தக் ‘கல்கி’யில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ ஓடியபோது சந்தாதாரருக்குத் தனியாக யாரும் எதுவும் கொடுக்கவில்லை. வாசகர்களே வாராவாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு சேர்த்துப் பைண்ட் பண்ணி வைத்துக்கொண்டார்கள். எழுத்து நன்றாக இருந்தால் கூடுதல் பொருளை வாசகரே செய்துகொள்வார் என்பதற்கு அந்தப் பைண்ட் புத்தகங்களைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கடல் கடந்து ஒரு நிமிடம் போய் வருவோம், இது விடக்கூடாத செய்தி! அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கொடியைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழி எங்கே பிறந்தது தெரியுமா? நாடாளுமன்றத்தில் அல்ல, ஒரு பத்திரிகையின் இனாம் பிரிவில்! பாஸ்டன் நகரத்தில் ‘யூத்ஸ் கம்பேனியன்’ என்றொரு பத்திரிகை. புதுச் சந்தாதாரரைச் சேர்த்துத் தருகிறவர்களுக்குப் பரிசுப் பொருள் தருவது அதன் வழக்கம். அந்த வேலைக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருந்தது. அந்தப் பிரிவு பள்ளிக்கூடங்களுக்குக் கொடியும் விற்றது. கொலம்பஸ் வந்து 400 வருடம் ஆனதை ஒட்டி, கொடியேற்றும்போது சொல்ல நாலு வரி வேண்டும் என்று அங்கே வேலை பார்த்த பிரான்சிஸ் பெல்லமி எழுதிக் கொடுத்தார். 1892 செப்டம்பரில் அச்சானது. கொடுத்த பரிசுப் பொருட்கள் எங்கே போயினவோ, அந்த நாலு வரி மட்டும் நின்றுவிட்டது!

நம் பக்கத்து வார இதழ்களிலும் பிற்காலத்தில் ‘இலவச இணைப்பு’ மழையாகக் கொட்டியது. ஷாம்பு பாக்கெட், மசாலா பாக்கெட், சோப்பு. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாக்கெட்டுக்காக வாங்கியவர் பாக்கெட் நின்ற வாரம் இதழையும் நிறுத்துவார்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், யாழ்ப்பாணம் போகிறோம். 1966 ஆகஸ்ட் மாதம் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, முடிதிருத்தும் தொழில் செய்தபடியே எழுதிப் பேரெடுத்தவர். அந்த இதழை எப்படி விற்றார் தெரியுமா? தானே தூக்கிக்கொண்டு நடந்தார்! தெருவிலும் கூட்டங்களிலும் வீட்டு வாசலிலும் ஆசிரியரே நேரில் வந்து இதழைக் கையில் கொடுப்பார், காசை வாங்குவார், நின்று நாலு வார்த்தை பேசுவார், போன இதழ் எப்படி என்று கேட்பார். பணக்கார முதலாளி யாரும் பின்னால் இல்லை. அப்படியே நாற்பது வருடங்களுக்கு மேல் நடத்தி 400 இதழ்களை எட்டினார்! அட்டையில் சினிமா நடிகை படம் போடவில்லை, எழுத்தாளர்களின், கலைஞர்களின் முகத்தைப் போட்டார். மலையகத்துக்கும் கிழக்குக்கும் பக்கம் ஒதுக்கினார். அவருடைய சந்தாதாரருக்குக் கிடைத்த கூடுதல் பொருள் ஆசிரியரே! சொன்னால் நேரில் கேட்டுக்கொள்கிற ஆசிரியர். அதைக் காசு கொடுத்து வேறெங்கும் வாங்க முடியாது. இன்று மின்மடல் எழுதுகிறவருக்கு இது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்! சந்தாதாரர் பதில் போட்டால் ஆசிரியர் தன் கையால் பதில் எழுதுவார் என்ற ஒரே ஒரு வாக்குறுதி போதும். கஞ்சத்தனம் பண்ணாமல் அதைக் காப்பாற்றினால் மற்ற எந்த இனாமும் பின்னால்தான் நிற்கும்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு தம்பதி நம் மலையகத்தில் இருந்தார்கள், தெரியுமா? கோ.நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும். நடேசய்யர் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தியவர். துரைமார் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாகக் கட்டினார், பழகிய மெட்டில் கூட்டத்தின் நடுவே பாடினார், பாட்டுகளைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டு 1940இல் வெளியிட்டார். வாசிக்க முடிந்தவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டார், முடியாதவர் காதால் வாங்கிக்கொண்டு போனார். இந்த யோசனை அப்படியே இன்றைக்கும் உதவும்! மடலை எழுதிய பிள்ளையே தன் குரலில் வாசித்து ஒரு பதிவாக அனுப்பினால், கண் மங்கிய அம்மாயி வாட்ஸ்அப்பில் கேட்பார், மலையில் கொழுந்து பறிக்கிறவர் இயர்ஃபோனில் கேட்பார். செலவு ஒன்றுமில்லை. கூடுதலாகக் கொடுக்க நான் முதலில் சொல்வது குரலைத்தான்.

தபாலில் எதையாவது அனுப்பிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நம் ஊரின் நிலைமையை மறக்கக் கூடாது. லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி விலாசமே இல்லை, தெரியுமா? தபால் கந்தோரிலிருந்து கடிதமெல்லாம் தோட்டத்து ஒஃபிசுக்குப் போய், அங்கிருந்து யார் மூலமாவது வீட்டுக்கு வரவேண்டும். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் நாள் கடந்து கைக்கு வந்து வேலை பறிபோன கதை மலையகத்தில் ஒன்றிரண்டு அல்ல. இருபத்தோராம் நூற்றாண்டிலும் ஒரு மனிதருக்குச் சொந்த விலாசம் இல்லை என்பது நெஞ்சை அறுக்கிற விஷயம். ஆகவே தோட்டத்துச் சந்தாதாரருக்குப் பார்சல் வேண்டாம். வெளிநாட்டுச் சந்தாதாரருக்கு வருடத்துக்கு ஒரு தடவை அனுப்பலாம், அதுவும் ஒரே ஒரு பொருள்: ஊவாத் தேயிலை. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வறண்டு அடிக்கிறபோது கொழுந்து வாடி, இலைக்குள் ஒரு தனி வாசம் ஏறுகிறதே, உலகச் சந்தையில் ‘ஊவா’ என்ற பேருக்கு விலை வருவது அந்த வாசத்தால்தான்! அந்தப் பருவத்துத் தூளில் நூறு கிராம் போதும்.

காசு கட்டி வாசிக்கக்கூடியவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் தெரியுமா? 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்து எழுதியது. அப்படிப் போனவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும், தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களிலும் இன்றைக்கும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு டீ-சேர்ட்டோ கோப்பையோ எதற்கு? தாத்தா வேலை செய்த டிவிஷன் இப்போது எப்படி இருக்கிறது, அந்தப் பிள்ளைக் காம்பரா நிற்கிறதா, மாரியம்மன் கோயில் திருவிழா எந்தத் தேதி? சந்தாதாரர் தோட்டத்தின் பெயரைச் சொன்னால் போய் ஒரு படம் எடுத்து அனுப்புவது, அம்மம்மா, அது எப்பேர்ப்பட்ட பரிசு! திருவிழா என்றதும் இன்னொன்று. கதிர்காமம் எந்த மாவட்டம் தெரியுமா? அம்பாந்தோட்டை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, எங்கள் மொனராகலை! ஆடி மாதக் கொடியேற்றம், பாத யாத்திரை புறப்படும் நாள், காட்டுப் பாதை திறக்கும் நாள் எல்லாவற்றையும் சந்தாதாரருக்கு முன்கூட்டியே அனுப்பினால் உலகம் முழுக்க இருக்கிற முருக பக்தர்கள் தேடி வந்து சேருவார்கள்.

இலவசமாகக் கொடுத்த எழுத்துக்கு மக்கள் பிறகு காசு கொடுப்பார்களா? கொடுத்தார்கள்! ஜெயமோகன் 2014 ஜனவரி 1 முதல் 2020 வரை ‘வெண்முரசு’ என்று 26 நாவல்களைத் தினம் ஓர் அத்தியாயமாகத் தன் இணையத்தளத்தில் இலவசமாகவே வெளியிட்டார். எல்லாமே திரையில் சும்மா கிடைக்கும்போது, வாசகர்கள் முன்பணம் கட்டிச் செம்பதிப்புகளை வாங்கினார்கள். அந்தத் தளத்தைச் சுற்றிச் சேர்ந்த வாசகர்கள் தங்கள் பங்களிப்பில் ‘விஷ்ணுபுரம் விருது’ கொடுக்கிறார்கள். 2013இல் அது யாருக்குப் போனது தெரியுமா? ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சூடிக்கொண்ட நம் தெளிவத்தை ஜோசப் அவர்களுக்கு! பதுளையின் ஒரு தோட்டப் பெயர் கோயம்புத்தூர் மேடையில் ஒலித்தது.

ஆகவே மடலைப் பூட்டி வைக்காதீர்கள் என்பதே என் உறுதியான எண்ணம். 2013இல் நெதர்லாந்தில் ‘டி கொரஸ்பொண்டன்ட்’ என்ற இணையப் பத்திரிகை, ஒரு வரிகூட வெளிவரும் முன்பே 18,000 பேருக்கு மேல் சேர்ந்து கொடுத்த பத்து இலட்சம் யூரோவில் தொடங்கியது. அங்கே சந்தாதாரருக்கு இரண்டு அருமையான சலுகைகள். தான் வாசித்த கட்டுரையை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். தான் எந்த வேலையில் கைதேர்ந்தவரோ அதைப் பற்றிய கட்டுரையில் அந்தத் தகுதியோடு கருத்துச் சொல்லலாம். தாதி தாதியாகவும், ஆசிரியர் ஆசிரியராகவும்! நம் சந்தாதாரர்களில் கங்காணி இருப்பார், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிறவர் இருப்பார், பெல்வத்தையில் கரும்பு வெட்டியவர் இருப்பார். அடுத்த மடலில் எதைப் பற்றி எழுத வேண்டும் என்று அவர்களிடம் கேட்டாலே மடலின் தரம் எங்கோ போய்விடும். பழைய இதழ்களைப் பூட்டிக் காசு கேட்பதும் எனக்குப் பிடிக்காது. 2005 முதல் ‘நூலகம்’ திட்டம் ஈழத்துப் பழைய இதழ்களையும் புத்தகங்களையும் ஆயிரக்கணக்கில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிற மண்ணில் நாம் எதைப் பூட்டுவது?

ஒரு கணக்கை மட்டும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். ஒருமுறை செய்தால் எல்லோருக்கும் போய்ச்சேரும் பொருள் ஒரு வகை: குரல் பதிவு, திருவிழாத் தேதிகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டிய பொருள் இன்னொரு வகை: தோட்டத்துப் படம், கையெழுத்துக் கடிதம். இரண்டாவது வகை முப்பது பேருக்கு இனிக்கும், முந்நூறு பேருக்கு எழுதுகிற கையையே முடக்கிவிடும். அதனால் அதை வருடச் சந்தா கட்டியவருக்கு மட்டும், வருடத்துக்கு ஒன்று என்று வையுங்கள். 2017இல் வந்த சப்ஸ்டாக் போன்ற மேடைகள் சந்தாவில் நூற்றுக்குப் பத்தை எடுத்துக்கொள்கின்றன. பணம் அங்கே ஸ்ட்ரைப் என்ற இணையக் கட்டணச் சேவை வழியாகத்தான் வரும், ஸ்ட்ரைப் நேரடியாகக் கணக்குத் திறக்க விடும் நாடுகளில் இலங்கை இல்லை. பரவாயில்லை! வங்கியில் போட்டு ஸ்லிப்பைப் படம் எடுத்து அனுப்புவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை.

பெயர் போடுவதை மட்டும் மறக்க வேண்டாம். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியது எப்படித் தெரியுமா? புத்தகம் வரும் முன்பே ஊர் ஊராகக் கையொப்பம் வாங்கி! கையொப்பமிட்டவர்களின் பெயர்ப் பட்டியலை அச்சிட்ட பழைய தமிழ்ப் புத்தகங்கள் எத்தனையோ உண்டு. உங்கள் முதல் வருட மடல்களைத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகம் போடும்போது கடைசிப் பக்கங்களில் சந்தாதாரர் பெயர்கள் அத்தனையும் வரட்டும், விருப்பமில்லாதவரை விட்டுவிட்டு. 3 ரூபாச் சந்தாக்காரருக்கும் 50 ரூபாச் சந்தாக்காரருக்கும் ஒரே அளவு எழுத்தில். பெயருக்குப் பக்கத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும் இருக்கட்டும், இப்போது அவர் டொரன்டோவில் இருந்தாலும் சரி, கோத்தகிரியில் இருந்தாலும் சரி.