குடியை விட்டாச்சு... அடுத்த நாள்? உளுந்தூர்பேட்டைக்காரர் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவது எப்படி?

ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் சொட்டுகூடத் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக்கில் நிற்பார். இப்படி ஒருத்தரை நம் எல்லோருக்கும் தெரியும். 'மனசு வெச்சா விட முடியுதுல்ல, அப்புறம் ஏன் மறுபடியும்?' என்று வீட்டில் கேட்பார்கள்.

அந்த 48 நாளும் அவர் தனியாக இல்லை. குருசாமி இருந்தார், பஜனை இருந்தது, 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிட ஊரே இருந்தது. 49-வது நாள் அதில் எதுவும் இல்லை. குடியை நிறுத்துவதைவிட, நிறுத்தியபடியே இருப்பதுதான் கஷ்டம். அதற்குத் துணையாக இருப்பதுதான் 'ஏ.ஏ.' எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம்.

யார் ஆரம்பித்தது?

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும், பாப் ஸ்மித் என்ற டாக்டரும் ஆரம்பித்தார்கள். இருவருமே குடிநோயாளிகள். வேலையாக வெளியூர் போன பில்லுக்குக் குடிக்கும் ஆசை தலைதூக்கியது. தன்னைப் போலவே தவிக்கும் இன்னொருவரிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று தேடிப் போய்ப் பார்த்தவர்தான் பாப். 'குடித்தவனுக்குத்தான் குடித்தவன் கஷ்டம் புரியும்' என்பதே இதன் அடிப்படை. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது.

காசு, ஆதார் ஏதாவது கேட்பாங்களா?

இல்லை. குடியை விடணும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. கட்டணம் கிடையாது. செலவுக்கு உறுப்பினர்களே விருப்பப்பட்டதைப் போடுவார்கள்; புதிதாக வருபவர் போட வேண்டியதில்லை. சில கூட்டங்கள் சர்ச் ஹாலில் நடக்கும். அது வெறும் இடம்தான், மதமாற்றமெல்லாம் இல்லை. 12 படிகளில் கடவுள் பற்றிய பேச்சு வரும். அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பது அவரவர் விருப்பம்.

உள்ளே என்ன நடக்கும்?

ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். பெயரை மட்டும் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று ஒருவர் தன் கதையை ஆரம்பிப்பார். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், அட்வைஸ் மழை இருக்காது. பேசப் பிடிக்கவில்லையா? சும்மா கேட்டுவிட்டு வரலாம். 'ஓப்பன்' கூட்டத்துக்குக் குடும்பத்தினரும் வரலாம். 'குளோஸ்டு' கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். போகப்போக, பல வருடம் குடிக்காமல் இருக்கும் ஒருவர் 'ஸ்பான்சராக' கிடைப்பார். ராத்திரி 10 மணிக்குக் கை பரபரத்தால் போன் போட ஓர் ஆள்.

எங்கே தேடுவது?

ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். கிளம்பும் முன் அங்குள்ள எண்ணுக்கு ஒரு போன் போட்டு, கூட்டம் நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு ஹெல்ப்லைன் 14446. மனநல உதவிக்கு 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

'தெரிஞ்சவங்க பார்த்துட்டா?' சின்ன ஊரில் இந்தப் பயம் சகஜம். பக்கத்து ஊர் கூட்டத்துக்குப் போவதில் தவறே இல்லை. சென்னை, திருச்சி, சேலம் பஸ்கள் எல்லாம் வந்துபோகும் ஊரில் அது பெரிய காரியமும் இல்லை. அங்கே பார்த்ததை, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது ஏ.ஏ.வின் முக்கியமான பழக்கம். ஜூமிலும் கூட்டங்கள் நடக்கின்றன.

முதலில் டாக்டர்

பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு நிறுத்துங்கள். வலிப்பு வந்தால் உடனே 108. ஏ.ஏ. சிகிச்சைக்கு மாற்று இல்லை, அதற்குத் துணை.

'அவருக்கே தெரியாம சாப்பாட்டில் கலந்து கொடுங்க' என்று விற்கும் மருந்துகள் பக்கம் போகவே வேண்டாம். டைசல்ஃபிராம் போன்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பலன் இருக்கா?

10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை 2020-ல் காக்ரேன் அமைப்பு அலசியது. ஒரு வருடம் கழித்து முழுசாகக் குடிக்காமல் இருந்தவர்கள், ஏ.ஏ. வழியில் 100-க்கு 42 பேர். மற்ற சிகிச்சைகளில் 35 பேர். மந்திரம் இல்லை, ஆனால் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு இது பெரிய விஷயம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு?

குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவி, அம்மா, பிள்ளைகள் போகலாம். அவர்களுக்காகவே 1951-ல் தொடங்கியது 'அல்-அனான்'. திட்டுவது, கடனை அடைப்பது, ஆபீசுக்குப் பொய் சொல்லி லீவு கேட்பது என்று சுற்றிச்சுற்றிக் களைத்தவர்கள் அங்கே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.

2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டபோது, கள்ளக்குறிச்சியை நாடே பார்த்தது. கடைச் சரக்கால் மெல்ல மெல்லப் போகும் உயிர்கள் செய்தியாவதில்லை. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வின் 2019 அறிக்கைப்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது.

முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். நடுவில் ஒருநாள் வழுக்கிவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குத் தைரியமாகப் போகலாம். 'ஏன் குடிச்ச?' என்று கேட்டு யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள்தான்.