மாவுக்கட்டுக்குள் ஒரு வாண்டு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டி வருவதற்கு முன்பே வந்துவிடும் ஊர் முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலையும் ரயில் நிலையமும் உள்ள ஊர். 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு, சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கை கால் ஒடிந்தாலும் முதலில் வாயில் வருகிற பெயர் இதுதான். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு நடுவே, இடுப்பில் ஒட்டிக்கொண்டு வீறிடும் இரண்டு வயதுப் பிள்ளைகளும் இப்படிப்பட்ட மருத்துவமனைகளுக்கு வருவதுண்டு. கட்டிலிலிருந்து குதித்தது, திண்ணையிலிருந்து உருண்டது, அப்பாவின் சைக்கிள் சக்கரத்தில் காலை விட்டது என்று காரணங்கள் பல. பெரியவர் மடியில் உட்கார்ந்து சறுக்குமரத்தில் இறங்கும்போதும் கால் முறிவதுண்டு. பிள்ளையின் செருப்பு சறுக்குப் பலகையில் மாட்டி நின்றுவிடும்; பெரியவரின் எடை நிற்காமல் கீழே போகும்; நடுவில் அகப்பட்ட கால் முறுக்கிக்கொள்ளும். பாதுகாப்புக்காக மடியில் வைத்ததே வினையாகிவிடுகிறது.

நடை பழகும் பிள்ளையின் எலும்பு நம்முடையது போல ‘படக்’கென்று ஒடிவதில்லை. முருங்கைக் கிளைக்கும் வேப்பங்கொழுந்துக் குச்சிக்கும் உள்ள வித்தியாசம் அது. குழந்தை எலும்பைச் சுற்றியுள்ள உறை தடிமனானது. அதனால் எலும்பு ஒரு பக்கம் விரிசல் விட்டு மறுபக்கம் வளைந்து நிற்கும், அல்லது நசுங்கிப் புடைக்கும். முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பில் முறுக்கலாக ஓடும் மெல்லிய கீறலை 1964இல் கனடாவில் டன்பார் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் தனியாக விவரித்து எழுதினார்கள். இதில் வீக்கம் பெரிதாக இருக்காது. பிள்ளை காலை ஊன்ற மறுக்கும், அவ்வளவுதான். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். ஏழெட்டு நாள் கழித்து எடுத்தால், புது எலும்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். ‘எக்ஸ்ரே நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் கட்டுப் போடணும்’ என்று மருத்துவர் சொன்னால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

கை ஒடிந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வருகிறவர்களில் சிலருக்கு எலும்பில் ஒன்றுமே இருக்காது. ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கியதில் முழங்கை மூட்டு சற்று நழுவியிருக்கும். முறை தெரிந்த மருத்துவர் கையைத் திருப்பி மடக்கினால் சரியாகிவிடும், கட்டே வேண்டாம். இன்னும் நடக்கவே தொடங்காத கைக்குழந்தைக்கு எலும்பு முறிந்திருந்தால் மட்டும் மருத்துவர் கேள்வி மேல் கேள்வி கேட்பார். அதில் கோபப்பட ஏதுமில்லை, கேட்பது அவர் கடமை.

சரி, மாவுக்கட்டு என்னதான் செய்கிறது? எலும்பை அது ஒட்டவைப்பதில்லை. ஒட்டுவது எலும்பின் சொந்த வேலை. முறிந்த இடத்தில் இரத்தம் உறையும், அதன்மேல் மென்மையான இணைப்புத் திசு வளரும், பிறகு அது இறுகி எலும்பாகும். பெரியவர்களின் தொடை எலும்பு கூடுவதற்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ பிடிக்கும். நடை பழகும் பிள்ளைக்கு ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும்; கணைக்கால் எலும்புக் கீறலுக்கு மூன்று நான்கு வாரம் போதும். கொஞ்சம் வளைவாகக் கூடினாலும் வளர வளர எலும்பே தன்னை நிமிர்த்திக்கொள்ளும். ஆனால் முறுக்கிக்கொண்டு கூடியது நிமிராது. எலும்பு கூடும்வரை அசையாமலும் திரும்பாமலும் பிடித்து வைத்திருப்பதுதான் கட்டின் வேலை. வலி குறைவதும் அதனால்தான்.

அந்த மாவு ஜிப்சம் என்னும் கல். பெரம்பலூர் பக்கம் காரையின் களிமண் மேடுகளில் பளபளப்பான பாளங்களாகக் கிடக்கும். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளைவதற்கு முன்பே படியும். அதைச் சுமார் 150 டிகிரியில் வறுத்தால் உள்ளே கட்டுண்டிருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுவது பாரிஸ் சாந்து. திரும்பத் தண்ணீர் பட்டால், இழந்த நீரை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகும். அப்போது சூடு வெளிப்படும். புதுக்கட்டு வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான். இந்தப் பொடியைத் துணியில் ஏற்றிப் போர்முனைக்குத் தோதான கட்டாக மாற்றியவர் ஆண்டோனியஸ் மத்தைசன் என்ற டச்சு ராணுவ மருத்துவர். ஆண்டு 1851.

கட்டுப் போடுவது கைத்தொழில். முதலில் பஞ்சுச் சுருளைச் சுற்றுவார்கள். கணுக்கால், குதிகால் போன்ற எலும்பு துருத்தும் இடங்களில் கூடுதலாக. பிறகு மாவுத்துணிச் சுருளைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருவது நின்றதும் எடுத்து, லேசாகப் பிழிந்து, இழுக்காமல் உருட்டிக்கொண்டே போவார்கள். ஈரக்கட்டை விரல் நுனியால் பிடிக்கக் கூடாது, உள்ளங்கையால்தான் தாங்க வேண்டும். விரல் குழித்த இடம் அப்படியே இறுகி, உள்ளே தோலை அழுத்திப் புண்ணாக்கிவிடும். சில நிமிடங்களில் கெட்டியானாலும் முழுதாகக் காய இரண்டு நாளாகும். ஃபைபர் கட்டு இலேசானது, சீக்கிரம் காயும். ஆனால் அதிலும் உள்ளே இருப்பது பஞ்சுதான். தண்ணீர் புகுந்தால் ஊறிப்போகும்.

நம் ஊர்ப் பக்கம் புத்தூர் கட்டுப் பலகை இல்லாத கடைவீதி குறைவு. எலும்புக்கான நாட்டுக்கட்டில் ஆந்திரத்துப் புத்தூரின் பேர் அப்படிப் பரவியிருக்கிறது. சின்னப் பிள்ளையின் எலும்பு தானாகவே கூடிவிடும் என்பதால் எந்தக் கட்டுக்கும் நல்ல பேர் கிடைத்துவிடும். என் பயம் இறுக்கத்தைப் பற்றியது. வீங்கும் கையை மூங்கில் பத்தையால் இறுக்கினால் தசைக்கு இரத்தம் போகாது. அப்படிச் செத்த தசை சுருங்கி, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போவதை ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881இலேயே எழுதிவிட்டார். மருத்துவமனைக் கட்டிலும் இது நேரலாம். பேசத் தெரியாத பிள்ளையிடம் ‘இறுக்குதா?’ என்று கேட்க முடியாது, விரல்களைத்தான் பார்க்க வேண்டும். வெளுத்தோ நீலமாகவோ மாறினாலும், சில்லிட்டாலும், அசையாமல் போனாலும், மருந்து கொடுத்தும் அழுகை கூடிக்கொண்டே போனாலும் ராத்திரியானாலும் ஓட வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது. முழங்கையை எண்ணெய் போட்டு நீவுவதும் ஆபத்து. தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிவிடும்.

முதல் இரண்டு நாள் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். அதற்குமேல் படுக்க வைக்க நினைப்பது வீண். நான்காம் நாள் பிள்ளை கட்டோடு நகர்ந்து அடுப்படிக்கு வந்துவிடும். மாடிப்படியை மறித்து, தரையில் பாய் விரித்து, கட்டிலை மறந்துவிடுவது நல்லது. கட்டுக்குள் சோற்றுப் பருக்கை, சிலேட்டுக் குச்சி, பொத்தான் என எதுவும் போகும். சாப்பிடும்போது கட்டின் மேல் விளிம்பில் ஒரு துண்டைச் சுற்றலாம். அரித்தால் ஆயா பின்னல் ஊசியைத் தேடுவார். வேண்டாம், உள்ளே கீறினால் சீழ் பிடிக்கும். வெளியே தட்டிக்கொடுத்தால் போதும். இடுப்பிலிருந்து கால் வரை கட்டுப் போட்ட பிள்ளைக்குச் சின்ன டயாப்பரைக் கட்டின் விளிம்புக்குள் செருகி, மேலே பெரிய டயாப்பர் ஒன்றைப் போட வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் பார்க்காவிட்டால் நாற்றம் உங்களுக்கே சொல்லும்.

கட்டை அறுக்கும் ரம்பம்தான் கடைசிக் கலவரம். ஹோமர் ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 1940களில் உருவாக்கியது. அதன் வட்டத் தகடு முழுதாகச் சுழலாது, ஒரு சிறு தூரம் முன்னும் பின்னும் அதிரும். இறுகிய மாவு அசையாததால் அறுபடும். தோல் கூடவே அசைவதால் தப்பிக்கும். தகடு சூடேறினால் தோல் சுடும் என்பதால் நடுநடுவே நிறுத்தி அறுப்பார்கள். சத்தத்துக்குப் பிள்ளை கத்தத்தான் செய்யும். காதைப் பொத்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கால் மெலிந்து, செதில் உரிந்து, ஒரு மாத அழுக்கோடு இருக்கும். வெந்நீரில் ஊறவைத்தாலே போய்விடும். இரண்டு மூன்று வாரம் விந்தி நடப்பது இயல்பு. அதன் பிறகும் விந்தினாலோ, முறிவு மூட்டை ஒட்டி இருந்திருந்தாலோ சில மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரே கேட்பார்கள். எலும்பு நீளும் இடம் அதுதான் என்பதால் அந்தத் தேதியைத் தவறவிட வேண்டாம்.