அமேசன் காடும் கள்ள உறுதியும்

போர்த்துக்கேய மொழியிற் 'கிறிலோ' என்பது சுவர்க்கோழி என வழங்கும் சிறு பூச்சியின் பெயர். அம்மொழி வழங்கும் பிறேசில் நாட்டிலே, அரச நிலத்தையும் பிறர் நிலத்தையும் கள்ள உறுதி கொண்டு கவரும் தொழில் 'கிறிலாஜெம்' எனப்படும். அத்தொழில் செய்வோன் 'கிறிலெய்ரோ' எனப்படுவான். பூச்சிக்கும் நிலத்துக்கும் இயைபு யாதெனின், புதிதாக எழுதிய உறுதியைப் பெட்டியொன்றில் இட்டுச் சுவர்க்கோழிகளையும் உடன் அடைத்து வைப்பர். சில கிழமைகளில் அவற்றின் எச்சம் பட்டுத் தாள் மஞ்சள் நிறம் எய்தும், ஓரங்கள் அரிபடும், நேற்றெழுதிய உறுதி பாட்டன் காலத்து உறுதி போலத் தோன்றும். இவ்வழக்கத்தினின்றே அப்பெயர் பிறந்தது என்பர். இக்காலத்துக் கவர்வோர்க்குப் பூச்சியின் துணை வேண்டுவதில்லை, கணினியே போதும். ஆயினும் பெயர் மாறவில்லை.

உறுதிக்குப் பழமை வேண்டப்பட்ட காரணத்தை அறிய அந்நாட்டு நிலச் சட்டத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். போர்த்துக்கேய அரசர் தம் ஆட்சிக் காலத்திற் பெருநிலங்களை மானியமாக வழங்கி வந்தனர். 1822ஆம் ஆண்டில் அம்முறை நிறுத்தப்பட்டது. அதன்பின் 28 ஆண்டுகள் நிலம் பெறுதற்குச் சட்டம் வகுத்த வழி யாதும் இருக்கவில்லை. சென்று குடியேறி ஆண்டவனே நிலத்துக்கு உடையவன் ஆயினான். 1850 செப்டெம்பர் 18இல் இயற்றப்பட்ட நிலச் சட்டம், அரச நிலத்தை இனி விலைக்கு வாங்குதலாலன்றிப் பெறலாகாது என விதித்தது. அதே மாதத் தொடக்கத்திலேதான் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரும் வாணிகமும் அந்நாட்டிலே தடுக்கப்பட்டது. அடிமை இல்லாத தோட்டத்திற்குக் கூலியாள் வேண்டும். நிலம் எளிதிற் கிடைக்குமாயின் கூலிக்கு எவர் வருவர்? இவ்விரு சட்டங்களும் ஒருங்கே பிறந்தமை தற்செயலன்று என்பது வரலாற்றறிஞர் பலருடைய கருத்து.

அச்சட்டம் ஒரு விலக்கும் அளித்தது. முன்னரே நிலத்தை ஆண்டு வந்தோர் அதனைப் பதிவு செய்து உரிமை பெறலாம். பதியும் பொறுப்பு ஊர்க்குருமாரிடம் விடப்பட்டது. அவர்கள் வந்தவர் கூறியதை எழுதிக்கொண்டனரேயன்றி, எல்லையை அளந்தாரல்லர். 'கிழக்கே ஆறு, மேற்கே அறியப்படாத காடு' என்ற வகையான எல்லைகள் ஏட்டில் ஏறின. பழைய உறுதி உள்ளவன் உரியவன். அஃதில்லாதவன் அத்துமீறியவன் என்ற நிலை பிறந்தவுடன், பழைய உறுதியை உண்டாக்குந் தொழிலும் பிறந்தது. 'தோம்பு' என்னுஞ் சொல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று; போர்த்துக்கேயரிடமிருந்தே வந்தது. ஒல்லாந்தர் தம் தோம்புகளிலே காணியையும் உடையவனையும் எழுதி வைத்தனர். சொல்லைத் தந்த போர்த்துக்கேயர் ஆண்ட பிறேசிலிலோ, நாடு முழுவதையும் அடக்கிய நம்பத்தக்க தோம்பு இன்றளவும் இல்லை.

அமேசன் காட்டுக்கும் இலங்கைக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், தப்பஜோஸ் ஆற்றங்கரைக் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூப் பூங்காவிற்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தை அடைந்தன. ஆசியாவில் எழுந்த இறப்பர்த் தோட்டங்கள் பயன்தரத் தொடங்கவே, 1912ஆம் ஆண்டளவில் அமேசன் இறப்பர் வாணிகம் வீழ்ச்சியுற்றது. முதலாளிகள் பலர் காட்டை விட்டகன்றனர். பால் வெட்டிய தொழிலாளரோ போக்கிடமின்றி அங்கேயே தங்கினர். காட்டுமரத்திற் பால் வெட்டியும், பிறேசிற் கொட்டை பொறுக்கியும், சிறு கொல்லை செய்தும் அவர்தம் பிள்ளைகளும் பேரரும் வாழ்ந்தனர். அவர்களிடம் உறுதி இல்லை.

1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ அரசாங்கம், அமேசன் நிலத்தை ஆளில்லாத வெறுநிலம் எனக் கருதியது. 1970இல் அமேசனைக் குறுக்கறுக்கும் நெடுஞ்சாலை தொடங்கப்பெற்றது. வறண்ட வடகிழக்கிலிருந்து ஏழைக் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டன. குடும்பமொன்றுக்கு 100 ஹெக்டேயர், அஃதாவது ஏறத்தாழ 250 ஏக்கர், சாலையோரமாக அளிக்கப்பட்டது. (பரப்புக் கணக்கிலே காணி பிரிக்கும் யாழ்ப்பாணத்தவர்க்கு இது ஒரு குறிச்சி முழுவதும் எனத் தோன்றும், காட்டு மண்ணின் வளமோ அப்பரப்பிற்கு ஏற்றதன்று.) பின்னர் அரசாங்கத்தின் நோக்கு மாறி, வரிச்சலுகையும் கடனும் பெருங் கால்நடைப் பண்ணைகளுக்கே பெரிதும் சென்றன. சாலை வந்த இடத்தில் நிலத்தின் விலை ஏறியது. விலை ஏறிய இடத்திற் கள்ள உறுதியும் வந்தது.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் இன்றியமையாதது. உறுதியின்றி நிலத்தில் வாழும் சிறுகுடியானவனைப் 'பொசெய்ரோ' என அந்நாட்டார் அழைப்பர். அவன் தன் உழைப்பாலே நிலத்தை ஆள்பவன். அது தன் முதிசம் எனப் பொய் கூறுபவன் அல்லன். கிறிலெய்ரோவோ பெரும்பாலும் அந்நிலத்தைக் காலால் மிதியாதவன். அவன் கையில் உறுதி இருக்கும். அரச நிலத்தில் இருத்தல் என்ற ஒன்றையே நோக்கின் இருவரும் ஒரே குற்றம் உடையவராகத் தோன்றலாம். நீதிமன்றத்திலோ தாள் இல்லாத உழவனே அத்துமீறியவனாகவும், தாளைப் படைத்தவன் உடையவனாகவும் நின்ற வழக்குகள் பல. சட்டவிரோதக் குடியேற்றம் பற்றிப் பேசுவோர் பலர் இவ்வேறுபாட்டைக் காணாது விடுதல் வியப்பன்று. அதனை மறைப்பதே கவர்வோனுடைய தொழிற்றிறம்.

கவர்வு நிகழும் முறை பெரிதும் ஒரே தன்மையது. முதலில் மரவியாபாரி நுழைவான். மகோகனி, ஈப்பே முதலிய விலையுயர் மரங்களைத் தறித்து, அவற்றை இழுத்துச் செல்ல வழியும் வெட்டுவான். அவ்வழியே கூலிக்கூட்டம் புகுந்து எஞ்சிய காட்டை வீழ்த்தும். வீழ்ந்த மரங்கள் சில மாதம் காய்ந்தபின், யூலை தொடக்கம் ஒக்டோபர் வரையான வறட்சியிலே தீயிடப்படும். சாம்பலின்மேற் புல்விதை தூவி மாடுகளை விடுவர். மாட்டினால் வரும் ஊதியம் சிறிதாயினும் அதுபற்றிக் கவலையில்லை; மாடு ஒரு சாட்சி. 'இங்கே ஒருவன் பயிரும் பண்ணையும் செய்கின்றான்' என்பதற்கு வெட்டவெளியே சான்றாகக் கொள்ளப்படுதலால், நின்ற காட்டினும் அழிந்த காடு பன்மடங்கு விலை போகும். பின்னர் நிலத்தைத் துண்டாக்கி, தோடம்பழங்களின் பெயரிற் பதிவர். 'தோடம்பழம்' என்பது பிறனுக்குத் தன் பெயரை இரவல் கொடுப்பவனுக்கு அந்நாட்டார் இட்ட பெயர். இருந்தாரோ என்பதே ஐயமான கார்லொஸ் மெடெய்ரொஸ் என்னும் ஒருவர் பெயரிற் பறா மாநிலத்திலே பல இலட்சம் ஹெக்டேயர் நிலம் பதியப்பட்டிருந்தமை இத்துறையிற் பெயர்பெற்ற செய்தி. 1999இல் அரசாங்கமே வெளியிட்ட அறிக்கையொன்று, நாடு முழுவதிலும் ஐயத்துக்கிடமான உறுதிகளின்கீழ் உள்ள நிலம் ஏறத்தாழ 10 கோடி ஹெக்டேயர் என மதிப்பிட்டது.

நீண்டகால ஆட்சியாலே தனியார் நிலத்துக்கு உரிமை எய்துதல் பல நாட்டுச் சட்டங்களிலும் உள்ளதே. இலங்கையிலே பத்தாண்டு ஆட்சி அத்தகையது. ஆனாற் பிறேசிலின் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அரச நிலத்தை இவ்வாறு பெறலாகாது எனத் தெளிவாக விலக்கியுள்ளது. விலக்கியதைப் பின்வந்த சட்டங்கள் வேறு வாயிலாற் புகவிட்டன. 2009ஆம் ஆண்டுச் சட்டம், 2004 டிசம்பருக்கு முன் அமேசனிற் குடிபுகுந்தோர்க்கு 1,500 ஹெக்டேயர் வரை உரிமை வழங்க இடமளித்தது. அதன் நோக்கம் சிறுகுடியானவரைக் காத்தல். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெல்லை நாளை 2008 யூலைக்கு நகர்த்தி, அளவையும் 2,500 ஹெக்டேயர் ஆக்கியது. ஒருமுறை நகர்ந்த நாள் மறுமுறையும் நகரும் என எதிர்பார்ப்பவனுக்கு இன்று காடழித்தல் நாளைக்கு இட்ட முதலாகின்றது.

இதனாற் சமுதாயத்துக்கு விளைந்த கேடு குருதியால் எழுதப்பட்டது. அக்ரே மாநிலத்து இறப்பர்த் தொழிலாளர், காடு வெட்டும் இடத்திற்குப் பெண்டு பிள்ளைகளோடு சென்று மரங்களின் முன் நின்று மறித்தனர். அவர்தந் தலைவர் சிக்கோ மெண்டெஸ் 1988 டிசம்பர் 22இல் தம் வீட்டுவாயிலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பறாவில் உள்ள அனப்பு என்னும் ஊரில், சிறுகுடியானவர்க்காக உழைத்த அமெரிக்கக் கன்னியாத்திரி டொரதி ஸ்ராங், தமது 73ஆம் வயதில், 2005 பெப்ரவரி 12இற் காட்டுவழியிலே சுடப்பட்டார். இவர்கள் உலகறிந்தோர்; பெயர் அறியப்படாது மடிந்தோர் மிகப் பலர். காடு வெட்டும் கூலிகளின் நிலையும் கொடிது. 'பூனை' எனப்படும் ஆட்பிடிகாரன் முற்பணம் கொடுத்து அவர்களைத் தொலைவிலிருந்து கொணர்வான், வழிச்செலவும் உணவும் கத்தியின் விலையும் கடனேட்டில் ஏறும், கடன் தீராது. இத்தகைய அடிமைத்தனம் தன் நாட்டில் உண்டென்பதை 1995இற் பிறேசில் அரசாங்கம் ஒப்புக்கொண்டு, அதனைத் தேடி விடுவிக்கும் நடமாடும் பரிசோதகர் குழுவை அமைத்தது. பழங்குடி மக்களின் நிலங்களும் தப்பவில்லை.

காட்டுக்கு நேர்ந்ததை அளவினாற் கூறின் விளங்கும். பிறேசிலின் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் செய்மதிப் படங்கொண்டு ஆண்டுதோறும் அழிவை அளக்கின்றது. 2004இல் அழிந்தது 27,772 சதுர கிலோமீற்றர்; இலங்கையின் வட மாகாணத்தைப் போல் மும்மடங்கு. அம்மண்ணின் வளம் பெரும்பாலும் மரத்திலும் உதிர்ந்த சருகிலுமே உள்ளது. எரித்த சாம்பல் சில பருவங்களுக்கு உரமாகும். பின் புல் நலிந்து களை மேலோங்கும். பண்ணையாளன் வேறிடம் நாடுவான்.

மழைக்கு நேரும் கேடு இதனினும் பெரிது. அத்திலாந்திக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மழையாய்ப் பெய்ய, மரங்கள் அந்நீரை உறிஞ்சி இலைவழியே மீண்டும் ஆவியாக விடுகின்றன. அது மேற்கே சென்று மறுபடியும் மழையாகின்றது. வடிநிலத்து மழையில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு சுழல்வது என்பதை எனியாஸ் சலாத்தி என்னும் பிறேசில் அறிஞர் 1970களில் நீரின் ஒட்சிசன் வகைகளை ஆராய்ந்து காட்டினார். அந்த ஈரத்தின் ஒரு கூறு தெற்கே திரும்பி அந்நாட்டின் விளைநிலங்களுக்கும் மழை தருகின்றது. எனவே காடழிப்போன் தன் அயலானுடைய மழையையும் கவர்கின்றான். தென்கிழக்கு அமேசன் பகுதி தான் ஏற்கும் கரியினும் மிகுதியான கரியை வெளிவிடுவதாக 2021இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

இவ்வழிவு தடுக்கவியலாததன்று. டொரதி ஸ்ராங் கொலையுண்ட ஐந்தாம் நாளே, பறாவில் 33 இலட்சம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட காடு காப்பகமாக்கப்பட்டது. சிக்கோ மெண்டெஸ் வேண்டியவாறு, காட்டைச் சிதைக்காது பயன்கொள்வோர்க்கான ஒதுக்கு நிலங்கள் 1990 முதல் ஏற்பட்டன. 2004 தொடக்கம் செய்மதி வழி உடனுக்குடன் காவல் நிகழ்ந்தது. 2008இல் சூழற் சட்டத்தையும் நிலப்பதிவு விதியையும் நிறைவேற்றாத அமேசன் பண்ணைக்கு வங்கிக் கடன் மறுக்கப்பட்டது. 2012இல் ஆண்டழிவு 4,571 சதுர கிலோமீற்றராகக் குறைந்தது. காவல் தளர்ந்தபின் 2021இல் அது 13,038 ஆக உயர்ந்தது. மீண்டும் இறுக்கியபின் 2024இல் 6,288 ஆகத் தாழ்ந்தது.

ஆயினும் காப்பகமாகவோ பழங்குடி நிலமாகவோ ஒன்றாகவும் வகுக்கப்படாத அரச காடு அமேசனில் இன்னும் 5 கோடி ஹெக்டேயருக்கு மேல் உண்டு. இலங்கையைப் போல் ஏழு மடங்கிற்கு மேற்பட்டது. கவர்வோர் கண் அதன்மேலேயே உள்ளது. 2012இல் உண்டாகிய சூழற் பதிவேட்டிற் காணியின் எல்லையை உடையவன் என்போன் தானே கணினி வழியாக வரைந்து பதியலாம். அப்பதிவு உரிமைக்குச் சான்றாகாது எனச் சட்டம் கூறினும், அவ்வரச காட்டின்மேல் வரையப்பட்ட தனியார் எல்லைகள் மிகப் பல. குருமார் ஏட்டில் அன்று எழுதப்பட்டதும், இன்று திரையில் வரையப்படுவதும், நேரிற் சென்று அளக்கப்படாதவையே.